பிள்ளைகள் கையில் செல்போன். லாபம் யார் கையில்?

பஞ்சாலையில் ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியும், களையெடுப்பு முடிந்து பொழுது சாய வீடு சேரும் விவசாயத் தொழிலாளியும் இன்று ஒரே புகாரைச் சொல்கிறார்கள்: “பிள்ளை போனைக் கீழே வைக்க மாட்டேனென்கிறான். பிடுங்கினால் சோறு வேண்டாமென்று படுத்துக்கொள்கிறான். படிப்பும் போச்சு, தூக்கமும் போச்சு.”

இதற்கு நிபுணர்கள் சொல்லும் புத்திமதியை நாம் தினமும் கேட்கிறோம். பிள்ளைகளோடு கூட இருங்கள் என்கிறார்கள். நீச்சலுக்கும் சங்கீதத்துக்கும் அனுப்புங்கள், தனி அறையும் புத்தக அலமாரியும் கொடுங்கள் என்கிறார்கள். நல்ல புத்திமதிதான். ஆனால் இரவு ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் தாய் எந்த நேரத்தில் பிள்ளையோடு கூட இருப்பாள்? ஒற்றை அறை லைன் வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? கூலி வேலைக்குப் போகிறவள் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவாள்?

ஆகவே இந்தப் பிரச்னையை நம்முடைய இடத்திலிருந்து பார்க்க வேண்டும். பிள்ளையின் பிடிவாதமும் பெற்றோரின் அசட்டையும் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வது உண்மைக்கு மாறானது.

செல்போன் எப்படி வந்தது?

உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் கைக்குச் செல்போன் ஆடம்பரமாக வரவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. நம் மாநிலத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ந் தேதி வரை திறக்கப்படவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேல் பாடம் போனிலும் டெலிவிஷனிலும் நடந்தது. போன் இல்லாத பிள்ளைக்குப் பாடமும் இல்லை என்ற நிலைமை. அன்று எத்தனையோ குடும்பங்கள் கம்மலை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும், சீட்டுப் பணத்தை முன்கூட்டி எடுத்தும் போன் வாங்கின.

பள்ளிக்கூடம் திறந்தது. கடன் அடைந்ததோ இல்லையோ, போன் வீட்டைவிட்டுப் போகவில்லை. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. பரீட்சைத் தேதி வாட்ஸ்அப்பில் வருகிறது. “போனே கொடுக்காதே” என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போன வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தெருவில் லாரி ஓடுகிறது; விளையாடிய பொட்டல் பிளாட்டாகிவிட்டது. வீட்டுக்குள் போனோடு கிடந்தால் பத்திரமாக இருப்பான் என்று தாய் நினைத்தாள். அவள் மேல் என்ன குற்றம்?

சங்கு ஊதாத ஷிப்டு

ஆலைத் தொழிலாளிக்கு யந்திரத்தைப் பற்றிப் பாடம் சொல்லத் தேவையில்லை. நூல் அறுந்தால் உற்பத்தி நிற்கும். அறுந்த இடத்தை உடனே இணைக்க ஓடுகிறோம். செல்போன் கம்பெனிகளின் யந்திரமும் அதே மாதிரிதான். அங்கே அறுந்துபோகக் கூடாத இழை, பிள்ளையின் கவனம்.

ஒரு படம் முடிந்தால் அடுத்த படம் தானாக ஓடுகிறது. விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் முடிவதே இல்லை. போனை வைத்துவிட்டால், “உன் சிநேகிதன் படம் போட்டிருக்கிறான், வந்து பார்” என்று மணி அடிக்கிறது. தினமும் தவறாமல் வந்தால் பரிசு. ஒரு நாள் தவறினால் சேர்த்ததெல்லாம் போச்சு. இவை எதுவும் தற்செயலாக அமைந்தவை அல்ல. பெரிய சம்பளம் வாங்கும் என்ஜினீயர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடுகள். பேஸ்புக் கம்பெனியின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர் 2017-ல் தம் வாயாலேயே இதை ஒப்புக்கொண்டார். ஜனங்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு அதிகமாக எடுத்துக்கொள்ள முடியும் என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே தங்கள் யோசனை என்றும், மனித மனத்தின் பலவீனத்தைத் தெரிந்தே பயன்படுத்தினோம் என்றும் அவர் சொன்னார்.

எதற்காக இவ்வளவு பாடு? விளம்பரத்துக்காக. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டா கம்பெனிக்கு 2024-ம் வருஷம் சுமார் 16,400 கோடி டாலர் வரவு. ஏறக்குறைய எல்லாம் விளம்பரப் பணம். அதில் நிகர லாபம் மட்டும் 6,200 கோடி டாலருக்கு மேல். பிள்ளை எத்தனை நிமிஷம் அதிகமாகப் பார்க்கிறானோ அத்தனை விளம்பரம் அதிகம். அத்தனை லாபம் அதிகம். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாதென்று போராடிப் பெற்ற வர்க்கம் நாம். நம்முடைய பிள்ளைகளையோ கூலியில்லாத, சங்கே ஊதாத ஒரு ஷிப்டில் உட்கார வைத்திருக்கிறார்கள்!

தெரிந்தே செய்தார்கள்

கம்பெனிகளுக்கு இது தெரியாதா? தெரியும். 2021-ல் பேஸ்புக் கம்பெனியில் வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் என்ற பெண்மணி அதன் உள் தஸ்தாவேஜுகளை வெளியே கொண்டுவந்தார். தங்கள் உடலைப் பற்றித் தாழ்வாக எண்ணி வருந்தும் சிறுமிகளில் மூவரில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை இன்னும் அதிகமாக்குகிறது என்று கம்பெனியின் சொந்த ஆராய்ச்சியே சொல்லியிருந்தது. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் மெட்டா மேல் வழக்குத் தொடர்ந்தன. 2024 ஜனவரியில் அமெரிக்க செனட் விசாரணையில், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களின் முன்னால் மெட்டா முதலாளி மார்க் ஜுக்கர்பெர்க் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

அபராதம் போடவில்லையா? போட்டார்கள். குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் சேகரித்ததற்காக 2019-ல் கூகிளுக்கும் யூடியூபுக்கும் 17 கோடி டாலர் அபராதம். கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் அந்த வருஷம் கூகிளின் தாய்க் கம்பெனிக்கு வரவு 16,100 கோடி டாலருக்கு மேல். ஒரு நாளைக்கு 44 கோடி டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அபராதம் ஒன்பது மணி நேர வரவு. நம் ஆலைக் கணக்கில் ஒரு ஷிப்டும் கொஞ்சம் ஓவர்டைமும்! இப்படி அபராதம் கட்டுகிறவன் ஏன் திருந்தப் போகிறான்?

வீட்டுக்குள் வரும் ஆபத்து

நேரம் வீணாவது ஒரு பக்கம். அதைவிட மோசமான ஆபத்துகளும் அதே போன் வழியாக வருகின்றன.

முதலாவது, சூதாட்டம். ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-ல் கொண்டுவந்த மசோதாவைக் கவர்னர் திருப்பி அனுப்பினார். சட்டசபை மறுபடி நிறைவேற்றிய பிறகு 2023 ஏப்ரலில்தான் அது சட்டமாயிற்று. ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை செல்லாது என்று அதே வருஷம் நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் நிறைவேற்றியது. அதற்குள் எத்தனை குடும்பங்கள் பாழாயின! இன்றும், ஆட்டத்துக்குள்ளேயே துப்பாக்கியும் சட்டையும் விற்கும் கடை திறந்துதான் கிடக்கிறது. பிள்ளை பொத்தானை அமுக்குகிறான். தகப்பனின் வாரக் கூலி போகிறது. ஃபோர்ட்நைட் என்ற ஆட்டத்தை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனி, குழந்தைகளின் விவரத்தைச் சேகரித்ததற்கும், தெரியாமல் வாங்கும்படி பொத்தான்களை அமைத்து ஏமாற்றியதற்குமாகச் சேர்த்து 52 கோடி டாலர் கட்ட 2022-ல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. ஆகவே இது பிள்ளையின் திருட்டுப் புத்தி என்று அவசரப்பட்டு அடிக்காதீர்கள்.

இரண்டாவது, முகம் தெரியாத ஆள். பதினாறு வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்டு நாற்பது வயது ஆள் பேசுவான். முதலில் புகழ்வான், பிறகு ரகசியம் கேட்பான், பிறகு படம் கேட்பான். படம் கைக்குப் போனதும் மிரட்டுவான். படமே கொடுக்காத பெண்ணின் முகத்தை வெட்டி வேறு உடம்போடு ஒட்டுவதற்கும் இப்போது யந்திரம் வந்துவிட்டது. நல்ல நடத்தையுள்ள பெண்ணுக்கு இது நேராது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மூன்றாவது ஆபத்து நம்மிடமே இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்படி ஒரு மிரட்டல் வந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறார்கள்? பெண்ணை அடிக்கிறார்கள். படிப்பை நிறுத்துகிறார்கள். மானம் போகுமுன் என்று அவசரமாகக் கல்யாணம் பேசுகிறார்கள். குற்றம் செய்தவன் வேறு ஊரில் சிரித்துக்கொண்டிருக்கிறான். தண்டனை நம் பெண்ணுக்கு! இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா? மிரட்டுகிறவனுடைய பலம் முழுவதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: “உன் வீட்டில் சொல்லிவிடுவேன்” என்ற சொல்லில். வீட்டைக் கண்டு பிள்ளை பயப்படாத அன்று அவன் பலம் போய்விடும்.

சட்டம் நம் பெண்ணின் பக்கம் இருக்கிறது. குழந்தைகளின் ஆபாசப் படத்தை எடுப்பதும், அனுப்புவதும், சேர்த்து வைப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-பி பிரிவின்படி முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம். 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டமும் இருக்கிறது. புகாரில் பிள்ளையின் பெயரை வெளியிடக் கூடாது என்பதும் சட்டம்.

யந்திரத்தை உடைக்கலாமா?

“இந்தச் சனியனே வேண்டாம், உடைத்துப் போடுவோம்” என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது, வழி சரியல்ல. 1811-ல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் பிரதேசத்து நெசவாளிகள் தங்கள் பிழைப்பைக் கெடுத்த யந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள். யந்திரம் நிற்கவில்லை, தொழிலாளிகள் தூக்கிலேறினார்கள். யந்திரம் எதிரியல்ல, அதை யார் எதற்காக ஓட்டுகிறார்கள் என்பதே கேள்வி என்ற பாடத்தைத் தொழிலாளி வர்க்கம் அந்த ரத்தத்திலிருந்து கற்றுக்கொண்டது.

செல்போனில் பாடம் இருக்கிறது. உத்தியோக விளம்பரம் இருக்கிறது. வெளியூரில் வேலை செய்யும் தகப்பனின் முகம் இருக்கிறது. பணக்காரப் பிள்ளை அதில் கற்கும் கல்வியை நம் பிள்ளை ஏன் இழக்க வேண்டும்? வேண்டியது கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு முதலில் கம்பெனிக்கு.

கம்பெனியைக் கட்டுப்படுத்த முடியாதென்று சொல்வது பொய். சீனாவில் 2021 முதல், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே கம்பெனிகள் ஆன்லைன் ஆட்டங்களை நடத்தலாம் என்று சர்க்கார் உத்தரவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக வலைத்தளங்களில் கணக்கு கிடையாது. மீறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். கவனியுங்கள்: அபராதம் கம்பெனிக்கு, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்ல. அந்த நாடுகளின் வயது வரம்பு நமக்குப் பொருந்துமா என்பது விவாதிக்க வேண்டிய விஷயம். ஆனால் பொறுப்பு யாருடையது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

சட்டம் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. கையில் காசில்லாமலே செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன.

1. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் போன் காட்டிச் சோறு ஊட்டாதீர்கள். இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

2. படுக்கும்போது வீட்டிலுள்ள எல்லாப் போனும் ஒரே இடத்தில் இருக்கட்டும். தகப்பனுடைய போனும் சேர்த்துத்தான். அப்பன் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு பிள்ளையைப் படி என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்?

3. பணம் அனுப்பும் ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றி வையுங்கள். பணம் வருவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. போனில் வரும் ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக் கூடாது என்று பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

4. அடுத்த படம் தானாக ஓடுவதை நிறுத்தலாம்; ஓயாத மணியையும் நிறுத்தலாம்; தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படி கணக்கைப் பூட்டலாம். உங்களுக்குத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டு வாலிபருக்குப் பத்து நிமிஷ வேலை. கேளுங்கள்.

5. எல்லாவற்றிலும் முக்கியமானது இது. “என்ன நடந்தாலும் எங்களிடம் சொல்லு; அடிக்க மாட்டோம்; படிப்பை நிறுத்த மாட்டோம்” என்று பிள்ளையிடம் இன்றே சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. குழந்தைகள் உதவிக்கு 1098. இணையக் குற்றத்துக்கும் பண மோசடிக்கும் 1930. பணம் போயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் கூப்பிடுங்கள்.

ஒரு கிராமம் காட்டிய வழி

தனி வீடு தனியாக நின்றால் தோற்கும். “அவன் மட்டும் பார்க்கிறானே” என்று பிள்ளை அழுவான். எல்லா வீடும் சேர்ந்தால் அந்த அழுகைக்கு இடமில்லை. ஆலையில் ஒருவன் மட்டும் வேலைநிறுத்தம் செய்தால் வேலை போகும், எல்லாரும் செய்தால் கோரிக்கை வெல்லும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே?

மகாராஷ்டிரத்தில் சாங்க்லி ஜில்லாவில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். சுமார் 3,000 ஜனங்கள்; பெரும்பாலும் விவசாயிகளும் சர்க்கரை ஆலைத் தொழிலாளிகளும். 2022 சுதந்திர தினத்தையொட்டி ஊர் கூடித் தீர்மானித்தார்கள். மாலை 7 மணிக்குச் சங்கு ஊதும். டெலிவிஷனும் செல்போனும் நிறுத்தப்படும். எட்டரை மணி வரை பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசுவார்கள். முதலில் சிரித்தவர்களும் உண்டு. அங்கன்வாடி ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஊர் ஏற்றுக்கொண்டது. ஆலைச் சங்கு முதலாளிக்காக ஊதுகிறது. அந்தச் சங்கு பிள்ளைகளுக்காக ஊதியது. இதை நம்முடைய லைன் வீடுகளிலும் காலனிகளிலும் ஏன் செய்யக் கூடாது? தொழிற்சங்கக் கிளை, மாதர் சங்கம், வாலிபர் சங்கம் மூன்றும் சேர்ந்து கூட்டம் போட்டால் நடக்காதா?

அந்த ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளை போவதற்கு ஓர் இடமும் வேண்டும். சென்னை ராஜ்யத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-ல். அன்று முதல் இன்று வரை நூலக வரி கட்டுகிறோம். நம் ஊர் நூலகம் மாலையில் திறந்திருக்கிறதா? பொட்டலில் பந்து விளையாட இடம் மிச்சமிருக்கிறதா? இல்லையென்றால் கேட்பது நம் உரிமை.

நம் கோரிக்கைகள்

கம்பெனிகள் குழந்தைகளைப் பின்தொடர்ந்து விவரம் சேகரிப்பதையும், அதை வைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கும் சட்டத்தை மத்திய சர்க்கார் 2023-லேயே நிறைவேற்றியது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் விதிகளை வெளியிட்டது 2025 நவம்பரில். முக்கியக் கடமைகள் அமலுக்கு வர மேலும் 18 மாத அவகாசம். கம்பெனிகளிடம் இவ்வளவு பொறுமை காட்டும் சர்க்கார், தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21-ல் அறிவித்து அன்றே அமல்படுத்தியது! அவசரம் யாருக்காக, அவகாசம் யாருக்காக என்பதை இந்த ஒரு மாதமே காட்டிவிட்டது.

ஆகவே நாம் கோருகிறோம்:

குழந்தைகளின் கணக்குகளில் முடிவில்லாத ஓட்டத்தையும், தானாக ஓடும் படத்தையும், இரவு மணியையும் கம்பெனிகளே நிறுத்த வேண்டும். அபராதம் கம்பெனியின் வரவுக்குத் தக்கபடி இருக்க வேண்டும்.

குழந்தைகள் ஆட்டத்துக்குள் பொருள் விற்பதைத் தடை செய்ய வேண்டும்.

ஒவ்வொரு ஆலையிலும் குழந்தைக் காப்பகம் வேண்டும். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டுமென்று பழைய தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. எத்தனை ஆலைகள் வைத்தன? கிராமங்களில் தாய் வேலை முடிந்து திரும்பும்வரை அங்கன்வாடி திறந்திருக்க வேண்டும்.

வேலை நேரத்தை நீட்டும் சூழ்ச்சி கூடாது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்ததால் வாபஸ் வாங்கப்பட்டது. அன்று நாம் காப்பாற்றிய மணி நேரங்கள் நம் பிள்ளைகளுக்கும் சொந்தமானவை.

தோழர்களே! நம் உழைப்பைச் சுரண்டியவனை ஆலை வாசலில் அடையாளம் கண்டோம். பிள்ளையின் கவனத்தைச் சுரண்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் இருக்கிறான். அதனால் பிள்ளையையே எதிரி என்று நினைத்துக் கை ஓங்குகிறோம். ஓங்கிய கையை இறக்குவோம். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவோம். அடுத்த கிளைக் கூட்டத்தில் கூலி உயர்வோடு இந்த விஷயத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்போம்.